ஆக்கி உடும்பு ஆணா பெண்ணா? அடிப்பக்கப் படம் பார்த்துச் சொல்லுங்கள்

மதுரைக்காரி_லெஸ்டர்:

வணக்கம் மக்களே. எங்கள் வீட்டில் ஒரு சிவப்பு ஆக்கி உடும்பு (ஆஸ்திரேலியாவின் சின்ன முள்வால் உடும்பு) இருக்கிறது, பெயர் முனியாண்டி. குட்டியாக வாங்கும்போது விற்றவர் இது ஆண்தான், சந்தேகமே வேண்டாம் என்று அடித்துச் சொன்னார், நாங்களும் பெயரை வைத்துவிட்டோம். இப்போது மூன்று வயதை நெருங்குகிறது, மூக்கிலிருந்து வால் நுனி வரை 55 சென்டிமீட்டர்.

கொஞ்ச நாளாக ஒரே தோண்டல். ஒரு மூலையில் தோள் மறையும் அளவுக்குத் தோண்டும், உள்ளே தலையை விட்டுப் பார்க்கும், அப்புறம் பிடிக்காத மாதிரி விட்டுவிட்டு அடுத்த மூலைக்குப் போகும். பசியும் கூடியிருக்கிறது, டூபியா கரப்பானை நீட்டினால் இடுக்கியையும் சேர்த்துக் கவ்வுகிறது. வயிறு பருத்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது, நீ போடுகிற தீனிக்கு வேறெப்படி இருக்கும் என்கிறார் வீட்டுக்காரர்.

துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்று யோசனை. ஆணோடு ஆணைப் போட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும் என்று படித்தேன், அதனால் முதலில் இது என்ன என்று தெரிய வேண்டும். கண்ணாடியில் எக்கி நிற்கும்போது அடியிலிருந்து எடுத்த படங்களைப் போட்டிருக்கிறேன். கழிவுத்துளைக்கு இரண்டு பக்கமும் முள்ளு முள்ளாகச் செதில் இருக்கிறது, வலப்பக்கம் கொஞ்சம் தூக்கலாக. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஓணான்_ரசிகன்:

முள் இருந்தால் ஆண். முனியாண்டி முனியாண்டிதான், பெயரை மாற்ற வேண்டாம்.

மெல்பேர்ன்_மணல்:

தம்பி, அவ்வளவு சுலபம் என்றால் ஆக்கி வளர்க்கிறவர்கள் எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவோம்.

நான் இங்கே விக்டோரியாவில் லைசென்ஸ் எடுத்து வளர்க்கிறேன். ஆக்கி இந்த நாட்டுப் பிராணி, ஆஸ்திரேலியாவின் வடக்கே பாறையும் முட்புல்லும் மண்டிய வறண்ட இடங்களில் இருப்பது. கழிவுத்துளை ஓரத்து முள் செதில் இதற்கும் இதன் சின்ன உறவுக்கார உடும்புகள் சிலவற்றுக்கும் உண்டு. வளர்ந்த ஆணிடம் அது கொத்தாக, கூர்மையாக, வாலின் அடிக்கு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். பெண்ணிடம் இல்லாமல் போகாது, தட்டையாக உடம்போடு ஒட்டிக் கிடக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு இது துருத்தலா ஒட்டலா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். குட்டியில் சுத்தமாகத் தெரியாது, உங்களுக்கு விற்றவர் எதைப் பார்த்து ஆண் என்றார் என்று எனக்குப் புரியவில்லை.

சகோதரி, உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வலப்பக்க முட்களின் நுனியில் வெளிறிய குல்லா மாதிரி ஒன்று தெரிகிறது அல்லவா, அது முள் இல்லை, சரியாக உரியாமல் நின்றுபோன பழைய தோல். உரிந்த தோல் அங்கே அடுக்கடுக்காகத் தங்கும், அப்படித் தங்கினால் முள் ஒன்றரை மடங்கு உயரமாகத் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு ஈரத் துணியால் மெதுவாகத் தடவினால் வந்துவிடும், இழுக்க வேண்டாம். அதை எடுத்துவிட்டு மறுபடி ஒரு படம் போடுங்கள், முடிந்தால் விளக்கு பக்கவாட்டில் இல்லாமல். இப்போதைக்கு இடப்பக்கத்தை மட்டும் நம்பினால் நான் பெண் பக்கம் சாய்வேன். ஆனால் செதிலைவிட அந்தத் தோண்டல்தான் என்னை யோசிக்க வைக்கிறது. முட்டை வைக்க இடம் தேடும் பெண் இப்படித்தான் சோதனைக்குழி போடும்.

ஸ்கார்பரோ_சிவா:

அக்கா, என்னிடம் இருப்பது ஆக்கி இல்லை, சவன்னா. நீங்கள் இங்கிலாந்தில் பாஸ்க் என்று சொல்வீர்கள். ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கமிருந்து வந்து குவிகிற இனம். இதில் முள்ளும் கிடையாது ஒன்றும் கிடையாது, வெளியில் பார்த்து ஆண் பெண் சொல்வது பெரும்பாடு.

நான் சொல்ல வந்தது வயிறு பற்றி. வீட்டில் வளரும் உடும்பு நடப்பது குறைவு, தின்பது அதிகம், கொழுப்பு வயிற்றுக்குள்ளும் வாலின் அடியிலும் போய்ச் சேரும். வயிறு பருத்தால் முட்டை என்கிறோம், வாலடி பருத்தால் ஆண் என்கிறோம், இரண்டும் வெறும் கொழுப்பாக இருக்கலாம். என்னுடையதை ஒருவர் வாலடியைப் பார்த்து "நல்ல ஆண்" என்றார், இன்னொருவர் வயிற்றைப் பார்த்து "சினையாக இருக்கு, கவனம்" என்றார், இரண்டு பேரும் பார்த்தது ஒரே விலங்கைத்தான். எலிக்குஞ்சை நிறுத்திப் பூச்சிக்கு மாற்றிய பிறகு வயிறும் போய்விட்டது, வாலடியும் போய்விட்டது. உங்கள் வீட்டுக்காரர் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீங்கோ.

எடை எடுத்துக் குறித்து வையுங்கோ. சமையல் தராசு போதும்.

ஓணான்_ரசிகன்:

சரி, முள் வேண்டாம். வாலடியை மேல்பக்கமாக வளைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் ஆணாக இருந்தால் ஆணுறுப்பு இரண்டும் வெளியே வந்துவிடும் என்று வீடியோவில் பார்த்தேனே. பாம்புக்குட்டிக்கு அப்படித்தானே செய்கிறார்கள். வந்தால் ஆண், வராவிட்டால் பெண். வீட்டிலேயே முடிகிற வேலை.

ஊர்வன_வைத்தியர்:

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். நான் கால்நடை மருத்துவர், ஊர்வன அதிகம் பார்க்கிறேன், இந்தக் கட்டைவிரல் வேலையால் வீங்கிய வாலோடு வருகிறவற்றையும் பார்க்கிறேன்.

பல்லி, பாம்பு இனத்தில் ஆணுக்கு ஹெமிபீனிஸ் என்கிற உறுப்பு இரண்டு, கழிவுத்துளைக்குப் பின்னால் வாலின் அடியில் உள்பக்கம் மடிந்து பையாகக் கிடக்கும். அழுத்தினால் அது வெளியே வரும் என்பது உண்மை. உடும்பில் சிக்கல் எங்கே என்றால், பெண்ணுக்கும் அதே இடத்தில் ஹெமிகிளிட்டோரிஸ் என்று அதேபோல் ஒரு ஜோடி இருக்கிறது, அதுவும் வெளியே வரும். ஆணுடையதைவிடச் சின்னது, மடிப்பும் கொசுவமும் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். வந்தால் ஆண் என்று எண்ணி ஜோடி சேர்த்துவிட்டுக் கடைசியில் இரண்டும் முட்டை வைத்த கதைகள் உடும்பு வளர்ப்பவர்களிடம் ஏராளம். வராவிட்டால் பெண் என்பதும் தப்பு, வளர்ந்த உடும்பு தசையை இறுக்கினால் உங்கள் கட்டைவிரல் தோற்றுப்போகும்.

கம்பி விட்டு ஆழம் பார்ப்பதற்கும் இதே கதைதான். மலைப்பாம்பில் ஆணின் பை ஆழமாகவும் பெண்ணுடையது மேலோட்டமாகவும் இருக்கும், செதில் எண்ணிச் சொல்லிவிடலாம். உடும்பில் பெண்ணின் பையும் ஆழமாகப் போகும், அதனால் கம்பி சொல்கிற பதிலுக்கு மதிப்பில்லை. உள்ளே கிழித்துவிட்டால் சீழ் பிடிக்கும்.

தானாக வெளியே வருவதைக் கவனிக்கலாம். சில உடும்புகள் மலம் கழித்து முடித்ததும் ஒரு விநாடி அந்த ஜோடியை வெளியே தள்ளி உள்ளே இழுத்துக்கொள்ளும். போனைக் கையில் வைத்துக் காத்திருந்து வீடியோ எடுத்தால், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். பெரிதாகவும் விளிம்பில் சட்டை மடிப்பு மாதிரி வரிகளாகவும் இருந்தால் ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம். வளர்ந்த ஆண் சில சமயம் காய்ந்த விந்துக் கட்டியைக் கண்ணாடியிலோ பாறையிலோ விட்டுவைக்கும், மெழுகு போல் நீளவாக்கில் இருக்கும். அதை யூரிக் அமிலத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மலத்தோடு வருகிற அந்த வெள்ளைக் கட்டி சுண்ணாம்பு போல விரலில் பொடியும்.

மருத்துவமனையில் செய்யக்கூடியவை என்று பார்த்தால், முதலில் எக்ஸ்ரே. பல உடும்பு இனங்களில் ஆணின் உறுப்புக்குள் சுண்ணாம்பு ஏறிய சின்ன எலும்புத்துண்டு இருக்கும், ஹெமிபாகுலம் என்பது பெயர். வாலடியில் இரண்டு பக்கமும் அது வெள்ளையாகத் தெரிந்தால் ஆண் பக்கம் பலமாகச் சாயலாம். தெரியவில்லை என்றால் ஒன்றும் சொல்ல முடியாது. இளம் வயதில் சுண்ணாம்பு ஏறியிருக்காது, ஆக்கி மாதிரிச் சின்ன உடம்பில் ஏறியிருந்தாலும் கண்ணுக்குத் தப்பலாம். இதில் இன்னொரு குழப்பம், சில இனங்களில் பெண்ணுக்கும் சின்னதாக அப்படி ஒரு துண்டு உண்டு.

அடுத்தது அல்ட்ராசவுண்ட். உங்கள் விஷயத்தில் நான் முதலில் செய்வது இதைத்தான். வயதுவந்த பெண்ணிடம் கருமுட்டைகள் வளரும் பருவத்தில் உருண்டை உருண்டையாக வரிசையில் தெரியும், மயக்க மருந்து வேண்டியதில்லை, ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். பருவம் இல்லாத நேரத்தில் பார்த்தால் தெளிவாகத் தெரியாமலும் போகும். மயக்கம் கொடுத்துச் சின்ன கேமராவை உள்ளே விட்டு நேராகவே பார்க்கும் எண்டோஸ்கோப்பி தீர்மானமான பதில் தரும், ஆனால் வெறுமனே தெரிந்துகொள்ளும் ஆசைக்காக ஆரோக்கியமான விலங்கை மயக்கத்துக்கு உட்படுத்த நான் பரிந்துரைப்பதில்லை.

மெல்பேர்ன்_மணல்:

டாக்டர், மரபணுப் பரிசோதனையையும் சொல்லிவிடுங்கள், அடுத்த கேள்வி அதுதான் வரும்.

ஊர்வன_வைத்தியர்:

உண்டு. உடும்பில் முட்டையின் சூடு ஆண் பெண்ணைத் தீர்மானிப்பதில்லை, முதலை, ஆமை கதையை இங்கே கொண்டுவரக் கூடாது. பறவைகளைப் போலக் குரோமோசோம்தான்: ஆணுக்கு இசட் இரண்டு, பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. இசட்டில் இருக்கிற மரபணு ஆணிடம் இரண்டு பிரதி, பெண்ணிடம் ஒன்றே ஒன்று. அந்த அளவு வித்தியாசத்தை வைத்து ஆண் பெண் பிரிக்கும் முறையை செக் நாட்டு ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள், பல உடும்பு இனங்களுக்கு அது ஒத்துவந்தது. குட்டியிலேயே பார்க்கலாம் என்பதுதான் இதன் பெரிய லாபம். உங்கள் ஊரில் எந்தப் பரிசோதனைக்கூடம் ஆக்கிக்கு எடுத்துக்கொள்கிறது, ரத்தம் கேட்கிறார்களா வேறு எதுவும் போதுமா என்று மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பான்:

எங்கட ஊரில் வாவிக் கரையில் கபரக்கொய்யா, அதாவது நீர் உடும்பு, இரண்டு பின்னங்காலில் எழும்பி நின்று கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடும், சனம் கூடி நின்று "சோடி சேருது" என்று பார்க்கும். உண்மையில் அது இரண்டு ஆண்கள் மல்லுக்கட்டுவது. ஒன்றை ஒன்று கீழே தள்ளும் மட்டும் விடாது. சோடி சேருவது தரையோடு தரையாக, சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும், அதை ஒருத்தரும் பார்ப்பதில்லை.

இதையே கூண்டுக்குள் வைத்து யோசியுங்கோ. கட்டிப்பிடித்தால் ஆணும் பெண்ணும் என்று நினைத்துச் சும்மா விட்டுவிட்டால் காலையில் ஒன்றுக்கு விரல் இருக்காது.

ஸ்கார்பரோ_சிவா:

பெண்ணும் பெண்ணும் கூடச் சண்டை பிடிக்கும் அண்ணை. முட்டை வைக்கிற இடத்துக்காக.

மட்டக்களப்பான்:

ஓம், அதுவும் சரி. அப்ப சண்டையை வைத்தும் ஒன்றும் சொல்ல ஏலாது.

கொங்கு_நாட்டான்:

கோயம்புத்தூரில் இருந்து கேட்கிறேன். தோட்டத்தில் ஒரு உடும்புக் குட்டி கிடைத்திருக்கிறது, கை அளவுதான். இதை வளர்த்தால் எத்தனை மாதத்தில் ஆண் பெண் தெரியும்?

மட்டுறுத்துனர்:

எந்த மாதத்திலும் தெரிய வேண்டாம், பிடித்த இடத்திலேயே இன்றைக்கே விட்டுவிடுங்கள். இந்தியாவில் இருக்கிற நான்கு உடும்பு இனங்களும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கிற அதே அட்டவணை. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம், மூன்று ஆண்டில் தொடங்கி ஏழு ஆண்டு வரை சிறை. காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இந்த இழையில் பேசுவது சட்டப்படி வளர்க்க முடிகிற நாடுகளில், கூண்டிலேயே பிறந்த வெளிநாட்டு இனங்களைப் பற்றி.

கொங்கு_நாட்டான்:

விட்டாச்சுங்க. வேலி ஓரத்துப் பொந்துக்குள் போய்விட்டது. தெரியாமல் கேட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மட்டக்களப்பான்:

கோபம் ஒன்றும் இல்லைத் தம்பி. விட்டதே பெரிய காரியம்.

மெல்பேர்ன்_மணல்:

இந்தியப் பேச்சு வந்ததால் ஒன்று. ஹத்தா ஜோடி என்று ஒரு "வேர்" விற்பார்களே, இரண்டு கை கூப்பிய மாதிரி இருக்கும், பணப்பெட்டியில் வைத்தால் செல்வம் சேரும் என்று குங்குமம் தடவிக் கொடுப்பார்கள். அது வேரே இல்லை. காயவைத்த ஆண் உடும்பின் ஹெமிபீனிஸ். 2017 வாக்கில் இணையக் கடைகளில் வெளிப்படையாக விற்றதைக் கண்டுபிடித்துப் பல இடங்களில் பறிமுதல் செய்தார்கள். டாக்டர் சொன்ன அதே உறுப்புதான். இதற்காக உயிரோடு பிடித்து அறுக்கிறார்கள். சொந்தக்காரர் வீட்டுப் பூஜை அறையில் பார்த்தால் என்னவென்று சொல்லிவிடுங்கள், வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

மதுரைக்காரி_லெஸ்டர்:

கடவுளே, எங்கள் ஒன்றுவிட்ட பெரியம்மா வீட்டில் அது இருக்கிறது என்று நினைக்கிறேன். சரி, அதை அப்புறம் பார்க்கிறேன்.

தோலை எடுத்துவிட்டேன் அண்ணா, புதுப் படம் போட்டிருக்கிறேன். இப்போது இரண்டு பக்கமும் ஒரே உயரம், கூர்மை என்று பெரிதாக இல்லை. எடை 340 கிராம். ஸ்கேனுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், அடுத்த வாரம்தான் கிடைத்தது.

ஒன்று புரியவில்லை. இது குட்டியிலிருந்து தனியாகத்தான் இருக்கிறது, ஆணின் வாசமே பட்டதில்லை. பெண்ணாகவே இருந்தாலும் முட்டை எப்படி வரும்?

ஓணான்_ரசிகன்:

நாட்டுக்கோழி சேவல் இல்லாமல் முட்டை வைக்கிறதே அக்கா. அதே மாதிரிதான். பொரிக்காது.

பாறைப்பல்லி:

பொரிக்கவே பொரிக்காது என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்திலேயே செஸ்டர் உயிரியல் பூங்காவில் ஃப்ளோரா என்கிற கொமோடோ உடும்பு ஆண் துணை இல்லாமலே முட்டை வைத்து, உள்ளே இருந்த கருவுக்கு அப்பா இல்லை என்று 2006-ல் மரபணுப் பரிசோதனையில் உறுதியானது, அடுத்த ஆண்டு ஜனவரியில் குட்டிகள் வெளியே வந்தன. லண்டன் பூங்காவிலும் இன்னொரு கொமோடோ அதே காலத்தில் அப்படிச் செய்தது. டாக்டர் சொன்ன இசட் டபிள்யூ கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். முட்டையில் இருக்கும் தாயின் பாதிக் குரோமோசோம் இரட்டிப்பாகும்போது ஒன்று இசட் இசட் ஆகும், இல்லை டபிள்யூ டபிள்யூ ஆகும். டபிள்யூ டபிள்யூ பிழைக்காது. அதனால் அப்பா இல்லாமல் பிறந்த குட்டிகள் அத்தனையும் ஆண். ஆக்கியில் இதை எதிர்பார்த்து இன்குபேட்டர் வாங்க வேண்டாம், சும்மா சொன்னேன், எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஊர்வன_வைத்தியர்:

கணக்கு சரி. வீட்டில் கவலைப்பட வேண்டியது வேறு. ஆண் இல்லாவிட்டாலும் நன்றாகத் தின்று நல்ல சூட்டில் இருக்கும் பெண் உடும்பு கருமுட்டை வளர்க்கும், முட்டையும் கட்டும். வைக்க ஏற்ற இடம் கிடைக்காவிட்டால் உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும். முட்டை அடைத்துக்கொண்டு சாகும் உடும்புகளில் பெரும்பாலானவற்றின் கூண்டில் நான்கு விரல்கடை மண்தான் இருக்கும், கேட்டால் "விற்றவர்கள் இது ஆண் என்றுதான் சொன்னார்கள் டாக்டர்" என்பார்கள். பசி நின்று, கண் குழிந்து, வெயில் விளக்குக்குக் கூட வராமல் ஒரே இடத்தில் படுத்துவிட்டால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அடுத்த வார நேரத்துக்குக் காத்திருக்கக் கூடாது. இப்போது உங்களுடையது தின்கிறது, தோண்டுகிறது, அதுவரை நல்லது.

மெல்பேர்ன்_மணல்:

இதைத்தான் நான் எல்லாரிடமும் கத்திக்கொண்டிருக்கிறேன். ஆணா பெண்ணா என்று மாதக்கணக்காகப் படம் போட்டு ஓட்டெடுப்பு நடத்துவார்கள், அதுவரை கூண்டில் ஒரு சாண் மண் கூட இருக்காது. தெரியாதவரை பெண் என்றே வைத்துக்கொண்டு மண்ணைப் போடுங்கள். ஆணாக இருந்துவிட்டால் என்ன நஷ்டம்? ஆணும் வளை தோண்டித்தான் படுக்கும். காட்டில் இவை பாறைக்கு அடியில் தோண்டி, பாம்போ வேறு எதுவோ வந்தால் முள் வாலால் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஆழமான மண் இரண்டுக்குமே வேண்டும், பெண்ணுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

சகோதரி, உங்கள் மண் எவ்வளவு ஆழம்? எந்த மண்?

மதுரைக்காரி_லெஸ்டர்:

பதினைந்து சென்டிமீட்டர் இருக்கும். தேங்காய்நாரும் விளையாட்டு மணலும் கலந்தது. தொட்டி நான்கடிக்கு இரண்டடி.

மெல்பேர்ன்_மணல்:

அதுதான் மூலைக்கு மூலை சோதனைக்குழி போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போகிறது. தேங்காய்நார் தோண்டத் தோண்டச் சரியும், வளை நிற்காது. தோட்டத்து மேல்மண்ணும் மணலும் பாதிப் பாதி போடுங்கள், மண்ணில் உரமோ பூச்சிமருந்தோ இருக்கக் கூடாது. கையில் அள்ளிப் பிடித்துத் திறந்தால் கட்டியாக நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, அந்த ஈரம்தான் கணக்கு. ஆழம் நாற்பது சென்டிமீட்டர் இருந்தால் நிம்மதி, முப்பதுக்குக் கீழே போக வேண்டாம். அடியில் 28 முதல் 30 டிகிரி இருக்கிறதா என்று ஒயர் வைத்த தெர்மாமீட்டரைப் புதைத்துப் பாருங்கள். மேலே வெயில் காயும் பாறை 60 டிகிரி இருக்கலாம், அடிமண் குளிர்ந்து கிடந்தால் அது அங்கே முட்டை வைக்காது.

துணை பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்தே வளர்ந்த ஆக்கிகள் கூட்டமாக இருப்பது உண்டு. மூன்று வருடம் தனிக்காட்டு ராஜாவாக, சரி ராணியாக, இருந்த ஒன்றின் கூண்டில் இன்னொன்றைக் கொண்டுபோய்ப் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. அதற்குத் தனிமை ஒன்றும் வாட்டவில்லை.

ஈப்போ_மைந்தன்:

இங்கே மலேசியாவில் கால்வாய்க்குக் கால்வாய் பியாவாக் (நீர் உடும்பு) அலைகிறது, யாரும் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை, குப்பைத்தொட்டி மூடியைத் திறந்து வைக்காதே என்று மட்டும் சொல்வோம். வளர்க்க நினைத்தால் அனுமதி வேண்டும். இந்த இழையைப் படித்த பிறகு இதுவரை பெரியதெல்லாம் ஆண், சின்னதெல்லாம் பெண் என்று நண்பர்களிடம் அளந்ததை நிறுத்திக்கொள்கிறேன். நன்றி டாக்டர்.

ஊர்வன_வைத்தியர்:

பெரியது ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது சரிதான், நீர் உடும்பில் ஆண் நல்ல பெரிதாக வளரும். தலை அகலம், கழுத்துத் தடிமன், தாடைச் சதை எல்லாமே அப்படித்தான்: நிறைய ஆண்களையும் நிறையப் பெண்களையும் சேர்த்துப் பார்த்தால் சராசரியில் வித்தியாசம் இருக்கும். ஒரே வயது, ஒரே தீனி என்று தெரியாத ஒற்றை விலங்கைப் பார்த்துச் சொல்ல அது உதவாது.

மதுரைக்காரி_லெஸ்டர்:

ஸ்கேன் ஆகிவிட்டது. வயிற்றில் ஜெல் தடவியதும் வாலைச் சுழற்றி மருத்துவரின் மணிக்கட்டில் ஒன்று வைத்தது, முள் வால் அல்லவா, சிவந்துவிட்டது. இடப்பக்கம் உருண்டையாக ஐந்தாறு தெரிந்தது, கருமுட்டை வளர்கிற மாதிரிதான் இருக்கிறது என்றார். வலப்பக்கம் கொழுப்பு மறைத்துக்கொண்டு ஒன்றும் தெளிவாக இல்லை. எழுத்தில் "பெரும்பாலும் பெண்" என்று கொடுத்திருக்கிறார், சில வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம், அதற்குள் முட்டை ஓடு கட்டினால் எக்ஸ்ரேயிலேயே தெரியும் என்கிறார். வீட்டுக்காரர் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார், கொழுப்பு என்று நான்தானே முதலில் சொன்னேன் என்று ஊருக்கெல்லாம் போன் போடுகிறார்.

சனிக்கிழமை மண் வாங்கப் போகிறோம். தொட்டி மாடியில் பின் அறையில் இருக்கிறது, பழைய மரமேசை மேல். நாற்பது சென்டிமீட்டர் வரை நிரப்பினால் மேசை தாங்குமா?

ஸ்கார்பரோ_சிவா:

அக்கா, கொஞ்சம் பொறுங்கோ, கணக்குப் பார்ப்பம். 120க்கு 60, உயரம் 40. 288 லிட்டர். ஈர மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ என்று வைத்தாலும் 430 கிலோ. மேசையை விடுங்கோ, மாடித் தளம் மரப்பலகை என்றால் அதற்கே ஆபத்து. கீழ்த்தளத்தில் சிமெண்ட் தரையில் நேராக வையுங்கோ. தொட்டியின் பக்கப்பலகையும் வெளியே பிதுங்காமல் இரும்புச் சட்டம் கொடுக்க வேண்டும், முன்பக்கக் கண்ணாடிக் கதவு அந்த உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

மெல்பேர்ன்_மணல்:

சிவா சொல்வது சரி. அவசரத்துக்கு இன்னொரு வழி, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் இதே மண்ணை நிரப்பி, பக்கத்தில் ஓட்டை போட்டு, தொட்டியோடு அகலமான குழாயால் இணைத்துவிடலாம். 60க்கு 40, ஆழம் 40 என்றால் 140 கிலோவில் முடியும். அதுவும் தரையில்தான், மாடியில் வேண்டாம். மூடியில் காற்றோட்டத்துக்கு வலை, மேலே குறைந்த வாட் வெப்ப விளக்கு. பெட்டிக்குள் இருட்டாக இருந்தால் அதற்கு இன்னும் பிடிக்கும்.

மதுரைக்காரி_லெஸ்டர்:

பெட்டிதான் சரிவரும் போலிருக்கிறது. சமையலறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, அங்கே சிமெண்ட் தரை. தொட்டியையும் கீழே இறக்க வேண்டும், மச்சினரையும் அவர் கூட்டாளியையும் வரச் சொல்லியிருக்கிறேன், பிரியாணி போட்டால் வருவார்கள். குழாய் எத்தனை அங்குலம் அண்ணா?

மெல்பேர்ன்_மணல்:

ஆறு அங்குலத்துக்குக் குறையாமல். உள்பக்கம் வழுக்கும், கரடுமுரடாக ஏதாவது ஒட்டுங்கள்.